"அறுபதுதான் இருக்குதாமா டாக்டர்?" – நெஞ்சுப் படம் பத்தி வாசகர் கேள்விகள்

போன மாசம் இந்தப் பகுதியில எக்கோ பத்தி, அதாவது நெஞ்சுக்குள்ள ஒலியை அனுப்பி இதயத்தைப் படம் புடிக்கற டெஸ்ட் பத்தி, போறபோக்குல ரெண்டு வரி எழுதுனேனுங்க, அதுக்கு இத்தினி தபால் வரும்னு நெனைக்கல. கோயமுத்தூர்ல மெடிக்கல் காலேஜ்ல இதய டாக்டரா, வாத்தியாரா முப்பது வருசத்துக்கு மேல இருந்துட்டு ரிட்டையர் ஆனவன் நான். அதுல பாதி காலம் லைட் அணைச்ச ரூம்ல உக்காந்து அடுத்தவங்க நெஞ்சுப் படத்தை பாத்தே போயிருச்சு, அதனால இந்தக் கேள்விக எல்லாம் என்ற சொந்தக்காரங்க கேக்கறாப்புடிதான் இருக்குது. பதில் சொல்ல முடிஞ்சதை மட்டும் எடுத்திருக்கேன். ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து அனுப்புனவங்க மன்னிக்கோணும், ஆளைப் பாக்காம தபால்ல வைத்தியம் பண்றதில்லைங்க.

தாராபுரம் பக்கமிருந்து ஒரு வாசகி: என்ற மாமனாருக்கு 68 வயசு. செக்கப்புல எக்கோ எடுத்தாங்க, ரிப்போர்ட்டுல எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 60னு போட்டிருக்குது. "60தான் வேலை செய்யுது, 40 போயிருச்சு"ன்னு அவரே முடிவு பண்ணிட்டு தோட்டத்துக்கு போறதை நிறுத்திட்டாரு. மாட்டையும் வித்தரலாம்ங்கறாரு. நெசமாவே 40 போச்சுங்களா?

மாட்டை விக்க வேணாம்னு மொதல்ல போய் சொல்லுங்க அம்மிணி, மிச்சத்தை அப்பறம் படிக்கலாம்.

இந்த ஒரு நம்பர் நம்மூர்ல எத்தனை பேரை கட்டல்ல படுக்க வெச்சிருக்குதுன்னு கணக்கே இல்லைங்க. பள்ளிக்கூடத்துல நூத்துக்கு அறுபதுன்னா சுமாருன்னு நமக்கு பழகிப்போச்சு, அதையே நெஞ்சுக்கும் போட்டுப் பாக்கறோம். விசயம் என்னன்னா, இதயத்தோட இடது கீழறை நல்லா நெறஞ்சிருக்கும்போது சுமாரா 120 மில்லி ரத்தம் இருக்குதுன்னு வைங்க. ஒரு துடிப்புக்கு அதுல 70 மில்லிய வெளிய தள்ளுது. 120ல 70, அதாவது 58 சதவீதம். அவ்வளவுதான் அந்த நம்பர். மீதி 50 மில்லி உள்ளயே நிக்கும், நிக்கவும் வேணும். கெணத்துல மோட்டார் போட்டா ஃபுட் வால்வு வெளிய தெரியற வரைக்குமா ஓட்டுவோம்? நூத்துக்கு நூறு தள்ற இதயம் உலகத்துல யாருக்கும் கெடையாது. 55ல இருந்து 70 வரைக்கும் வந்தா அது நல்ல நம்பருங்க. உங்க மாமனாரோட 60, என்ற நெஞ்சோட நம்பரை விட நல்லா இருக்குது.

ஆனா ஒண்ணு சொல்லிரோணும். 60 இருக்குதுன்னா நெஞ்சுல ஒண்ணுமே இல்லைன்னும் அர்த்தம் இல்ல. தசை வெறைச்சுப் போயி சரியா விரியாத இதயமும் 60 காட்டும், ஆனா அந்த ஆளு நாலு படி ஏறுனா மூச்சு வாங்குவாரு. ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்குதான்னு அந்த நம்பரை வெச்சு சொல்லவே முடியாது. அதனாலதான் எக்கோ சீட்டை கையில வாங்குனதும் நான் மொதல்ல பாக்கறது "எதுக்காக எடுக்கறோம்"ங்கற கட்டம். முக்காவாசி சீட்டுல "செக்கப்"னு எழுதியிருக்கும், இல்லீனா காலியா இருக்கும். என்ற பசங்ககிட்ட அந்த சீட்டை திருப்பிக் கொடுத்து "கேள்வி எங்கடா?"ன்னு கேட்டு கேட்டே நான் கெட்ட பேரு வாங்குனேன்.

ஈரோட்டுல இருந்து ஒரு வாசகர்: ஒரே வாரத்துல ரெண்டு எடத்துல எக்கோ எடுத்தேன். ஒரு எடத்துல 55, இன்னொரு எடத்துல 48. இதுல யாரு பொய் சொல்றது?

ரெண்டு பேருமே பொய் சொல்லலைங்க. இந்தக் கேள்விக்குத்தான் நான் என்ற பாதி உத்தியோகத்தை செலவு பண்ணியிருக்கேன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன், பொறுத்துக்கோங்க.

எக்கோல எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் கண்டுபுடிக்கறது எப்புடின்னா, இதயம் நல்லா விரிஞ்ச நேரத்துல ஒரு படத்தை நிறுத்தி அறையோட உள்வரப்பை சுத்தி கோடு போடுவாங்க, நல்லா சுருங்குன நேரத்துல இன்னொரு கோடு, ரெண்டையும் வெச்சு மெஷின் கணக்கு போடும். இப்ப அந்த வரப்பு நம்ம வயல் வரப்பு மாதிரி தெளிவா இருக்காதுங்க, மார்கழி பனியில தோட்டத்து வேலியப் பாக்கறாப்புடி பாதி தெரியும் பாதி தெரியாது. ஒருத்தரு கோட்டை கொஞ்சம் உள்ள தள்ளிப் போடுவாரு, ஒருத்தரு வெளிய. நெஞ்சு மேல வைக்கற கருவி, அதான் புரோப், அதோட கோணம் தப்புனா இதயத்தோட நுனி வெட்டுப்பட்டு அறை குட்டையா தெரியும். நீங்க அன்னிக்கு பதட்டத்துல இருந்தீங்களா, பிரஷர் ஏறியிருந்துச்சா, மூச்சை இழுத்துப் புடிச்சீங்களா, அதுவும் சேரும். அஞ்சு பாயின்ட்டு, ஏன் பத்து பாயின்ட்டு வரைக்கும்கூட வித்தியாசம் வரும், இது உலகம் பூரா ஒத்துக்கிட்ட சங்கதி.

நான் சேர்ந்த புதுசுல எக்கோவை எல்லாம் வீடியோ கேசட்டுலதான் பதிவு பண்ணுவோம், நீங்க கல்யாண வீடியோ பாத்தீங்களே அதே கேசட்டுங்க. பழைய கேசட்டுகளை எடுத்து, பேரை பிளாஸ்திரி ஒட்டி மறைச்சுட்டு, மறுக்கா அளந்து பாக்கலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. ராத்திரி டூட்டி முடிஞ்சு உக்காந்து அளந்து எழுதிட்டு, ரெண்டு மாசம் முன்னாடி நானே அளந்த நோட்டை எடுத்து பக்கத்துல வெச்சுப் பாத்தா, பல எடத்துல எனக்கும் எனக்குமே ஒத்துப்போகல. வேற டாக்டரோட ஒத்துப்போகலைன்னா அவரை திட்டலாம், இங்க யாரை திட்டறது? ஒரு பேஷண்ட்டுக்கு மொத தடவை சீரியஸுன்னு சொன்னவன் ரெண்டாவது தடவை பரவால்லைன்னு எழுதியிருந்தேன். அந்த ஆளு வந்த அன்னிக்கு மூச்சு வாங்கிட்டு வந்தாரு, அதைப் பாத்துட்டு படத்தையும் மோசமா பாத்திருக்கேன். பேரை மறைச்சதும் படம் மட்டுந்தான் இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி கேண்டீன்ல டீ குடிக்கக்கூட போகல.

அதுலயே அப்பறம் பல வருசம் போச்சு. ரெண்டு பேரு தனித்தனியா, ஒருத்தருக்கு ஒருத்தர் பாக்காம அளக்கோணும், பேஷண்ட்டு பேரு, சீக்கு எதுவும் தெரியக்கூடாது, ஒத்துப்போகலைன்னா மூணாவது ஆளு. கேக்க சாதாரணமா இருக்கும், பண்ணிப் பாத்தா பொறுமை பூரா போயிரும். மொத கட்டுரைய அனுப்புன பத்திரிகைக்காரங்க "இதுல புதுசா என்ன இருக்கு"ன்னு ஒரே வரியில திருப்பி அனுப்பிட்டாங்க. நியாயந்தான், புதுசா ஒண்ணும் இல்ல. ஆனா எங்க ஆஸ்பத்திரியில அதுக்கப்பறம் எக்கோ ரிப்போர்ட் எழுதற விதமே மாறுச்சு.

உங்களுக்கு வருவோம். 55, 48 ரெண்டும் பக்கத்து பக்கத்து வூடுக மாதிரி. மருந்து மாத்தற அளவுக்கு இது பெருசா இல்லையாங்கறதை உங்க டாக்டர்தான் உங்க ஒடம்பைப் பாத்து சொல்லோணும். அடுத்த தடவை எடுத்தா ஒரே எடத்துல எடுங்க, பழைய ரிப்போர்ட்டை கையோட கொண்டு போங்க, முடிஞ்சா பழைய படத்தையே கம்ப்யூட்டர் டிஸ்க்குல வாங்கி வெச்சுக்கங்க. ரொம்ப நுணுக்கமா தெரிஞ்சாகோணும்னு வந்தா இதய எம்ஆர்ஐல இந்தக் கணக்கு இன்னும் நெருக்கமா ஒத்துவரும், ஆனா எல்லாருக்கும் அது தேவைப்படாதுங்க, செலவும் எச்சு.

கோயமுத்தூர் கணபதியில இருந்து ஃபவுண்டரிக்காரர் ஒருத்தர்: எங்க பட்டறையில காஸ்டிங் உள்ள ஓட்டை, விரிசல் இருக்குதான்னு அல்ட்ராசோனிக் டெஸ்டிங் பண்ணுவோம். டாக்டருக்குப் படிக்கற என்ற பையன், எக்கோவும் அதேதாம்ப்பாங்கறான். கிண்டல் பண்றானா?

பையன் சொன்னது அச்சு அசல் உண்மைங்க. இன்னும் சொல்லப்போனா எக்கோ பொறந்ததே உங்க தொழில்ல இருந்துதான்.

ஸ்வீடன்ல லுண்ட்னு ஒரு ஊரு. அங்க இங்கே எட்லர்னு ஒரு இதய டாக்டர். 1950கள்ல மைட்ரல் வால்வு, அதாவது இதயத்தோட இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல இருக்கற வால்வு, சுருங்குனவங்களுக்கு ஆபரேஷன் பண்ண ஆரம்பிச்ச நேரம், ஆனா நெஞ்சைத் திறக்கறதுக்கு முன்னாடி வால்வு சுருங்குனது மட்டுந்தானா, ஒழுகவும் செய்யுதான்னு தெரியாம தடுமாறுவாங்க. எட்லரு அதே ஊர்ல இருந்த கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ்ங்கற இளவயசு பிசிக்ஸ்காரர்கிட்ட, ராடார் மாதிரி ஏதாச்சும் வெச்சு உள்ள பாக்க முடியுமான்னு கேட்டாரு. ஹெர்ட்ஸோட அப்பா குஸ்டாவ் ஹெர்ட்ஸ், பிசிக்ஸ்ல நோபல் வாங்குனவரு, அந்தக் குடும்பத்துப் பையன். அவரு நேரா பக்கத்துல மால்மோவுல இருந்த கப்பல் கட்டற பட்டறைக்குப் போனாரு. அங்க இரும்புல, வெல்டிங்ல கோளாறு பாக்கறதுக்கு சீமென்ஸ் கம்பெனியோட மீயொலி மெஷின், உங்க அல்ட்ராசோனிக்தான், ஒண்ணு வெச்சிருந்தாங்க. அதை எடுத்து தன்ற நெஞ்சுலயே வெச்சுப் பாத்தாரு. திரையில ஒரு புள்ளி துடிப்புக்குத் தக்கன ஆடுச்சு. மெஷினை சனி ஞாயிறுக்கு கடன் வாங்கிட்டு லுண்ட்டுக்கு கொண்டு போனாங்க. அப்பறம் 1953 அக்டோபர் 29ந்தேதி இதயத்தோட அசைவை மொதல் மொதலா மீயொலியில பதிவு பண்ணுனாங்க. உங்க ஆளு காஸ்டிங் மேல கிரீஸோ எண்ணெயோ தடவிட்டு புரோப் வெப்பாருங்களே, நாங்க ஜெல்லி தடவறதும் அதுக்கேதான், நடுவுல காத்து இருந்தா சத்தம் உள்ள போகாது. "ஏனுங்க இப்புடி சில்லுங்குது"ன்னு எங்ககிட்ட நெஞ்சுகாரங்க கேப்பாங்க, உங்ககிட்ட இரும்பு கேக்கறதில்ல, அதான் வித்தியாசம்.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் வேற. அந்தப் படத்துல நல்லா ஆடுன ஒரு கோட்டை எட்லரு இதயத்தோட மேலறைச் சுவருன்னுதான் மொதல்ல நெனைச்சாரு. அப்பறம் இறந்துபோனவங்க ஒடம்புல சரிபாத்தப்பத்தான் அது சுவரு இல்ல, மைட்ரல் வால்வோட முன் இதழுன்னு தெரிஞ்சுது. தேடிப் போன சாமியே கண்ணு முன்னாடி ஆடிட்டிருந்திருக்குது, அவரு தூணுன்னு நெனைச்சுட்டிருந்திருக்காரு. அதை ஒத்துக்கிட்டு திருத்தி எழுதுனாரு பாருங்க, அந்த ஆளு டாக்டரு. 1977ல ரெண்டு பேருக்கும் லாஸ்கர் விருது கெடைச்சுது. ஹெர்ட்ஸு இங்க்ஜெட் பிரிண்டிங்லயும் முன்னோடிங்க, துணியில பிரிண்ட் போடற திருப்பூர்க்காரங்க அவரு படத்தை மாட்டி வெக்கலாம்.

உங்க ஊரு பம்புசெட் ஊருங்கறதால இன்னொண்ணும் சொல்றேன். ஹோஸ் வாயை கட்டைவிரல்ல அமுக்குனா தண்ணி பீச்சியடிக்குதுங்களே, சுருங்குன வால்வுலயும் ரத்தம் அப்புடித்தான் பீச்சும். அந்த வேகத்தை எக்கோ மெஷின்லயே இருக்கற டாப்ளர்ங்கற முறையில அளந்து, வேகத்தை அதே வேகத்தால பெருக்கி, மறுக்கா 4 ஆல பெருக்குனா வால்வுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இருக்கற பிரஷர் வித்தியாசம் வந்துரும். விநாடிக்கு 4 மீட்டர்னா 64 மில்லிமீட்டர் பாதரசம். பம்பு டிசைன் பண்றவங்க படிக்கற பெர்னூலி கணக்கேதான், சுருக்கிட்டாங்க. 1970கள்ல நார்வேயில ட்ரான்ட்ஹைம்ல லிவ் ஹாட்லேங்கற அம்மா இதைக் கொண்டாந்து நெலை நிறுத்துனாங்க. அதுக்கு முன்னாடி இந்த நம்பருக்காக தொடையில ஊசி குத்தி குழாயை இதயம் வரைக்கும் விட்டாங்க.

திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனி நடத்தறவர்: வயசு 46. எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. ஒரு எடத்துல சிடி ஆஞ்சியோ, கால்சியம் ஸ்கோர் எல்லாம் சேர்த்து பேக்கேஜ் போட்டிருக்காங்க, பொஞ்சாதிக்கும் சேர்த்து எடுத்தா டிஸ்கவுன்ட்டாம். எடுத்துக்கலாமா?

ஏனுங்க, துணிக்குத்தான் ஆடித் தள்ளுபடி, நெஞ்சுக்குமா?

சிடி ஆஞ்சியோன்னா சாயம் விட்டு சிடி ஸ்கேன்ல ரத்தக்குழாயைப் படம் எடுக்கறது, அதை நான் குறை சொல்லலைங்க. சிடி ஸ்கேனைக் கண்டுபுடிச்ச ஹவுன்ஸ்ஃபீல்டு இங்கிலாந்துல ஒரு பண்ணையில வளந்தவரு, யுனிவர்சிட்டி பட்டங்கூட இல்லாத மனுசன், 1979ல நோபல் வாங்குனாரு. அருமையான மெஷினு. ஸ்காட்லாந்துல ஸ்காட்-ஹார்ட்னு ஒரு ஆராய்ச்சி பண்ணுனாங்க, 4146 பேரு. பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம், பாதிப் பேருக்கு அதோட சிடி ஆஞ்சியோவும். அஞ்சு வருசம் கழிச்சு 2018ல கணக்கு சொன்னாங்க: மாரடைப்போ இதய ரத்தக்குழாய் சீக்கால சாவோ சிடி எடுக்காத பக்கம் 3.9 சதவீதம், எடுத்த பக்கம் 2.3. நல்ல வித்தியாசந்தான். ஆனா நீங்க ரெண்டு விசயத்தை கவனிக்கோணும். ஒண்ணு, அவங்க எல்லாம் நெஞ்சு வலின்னு டாக்டர்கிட்ட வந்தவங்க. ரெண்டாவது, படம் எடுத்ததால மட்டும் யாரும் பொழைக்கல, படத்துல கொழுப்புப் படிவைப் பாத்து சரியான ஆளுக்கு சரியான மாத்திரை ஆரம்பிச்சதுதான் பெரும்பாலும் காரணம்னு நெனைக்கறாங்க. உங்களுக்கு வலியும் இல்ல, பிரஷர், சுகர், கொழுப்பு எவ்வளவுன்னு தபால்ல ஒரு வார்த்தையும் இல்ல. பேக்கேஜ் வெலை மட்டும் தெளிவா எழுதியிருக்கீங்க.

கால்சியம் ஸ்கோருங்கறது 1990ல ஆர்தர் அகாட்ஸ்டனும் கூட இருந்தவங்களும் கொண்டாந்தது. ரத்தக்குழாய்ல சுண்ணாம்பு படிஞ்சிருக்கறதை எண்ணிச் சொல்லும். பூஜ்யம்னா ரொம்ப நல்லது, 400க்கு மேல போனா கவனிக்கோணும். மாத்திரை ஆரம்பிக்கலாமா வேண்டாமான்னு டாக்டரு ரெண்டு மனசா இருக்கும்போது அது நல்லா ஒதவும். ஆனா சுண்ணாம்பு ஏறாத மெத்துன்னு இருக்கற படிவை அது பாக்காது, அதனால பூஜ்யம் வந்துருச்சுன்னு பீடிய பத்த வெச்சுக்கிட்டு போகக் கூடாது. மொதல்ல பக்கத்துல இருக்கற டாக்டர்கிட்ட போய் பிரஷர் பாருங்க, சாப்பிடாம ரத்தம் கொடுத்து சுகரும் எல்டிஎல்லுங்கற கெட்ட கொழுப்பும் பாருங்க, அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயசுல அட்டாக் வந்திருக்குதான்னு சொல்லுங்க. அதுல ஒரு கேள்வி மொளைச்சுதுன்னா அப்பறம் சிடிக்கு போங்க. அம்மிணிக்கும் அதேதான், டிஸ்கவுன்ட்டு இல்லாம. நடந்தா நெஞ்சு அடைக்குதுன்னு வந்துட்டா மட்டும் இதெல்லாம் பேசிட்டு உக்காராதீங்க, ஒடனே டாக்டரைப் பாருங்க. வலியோட வேர்த்து ஊத்துச்சுன்னா 108.

அவிநாசியில இருந்து ஒரு வரிக் கேள்வி: ஸ்டென்ட் வெச்சவங்க எம்ஆர்ஐ எடுக்கலாமா?

இப்ப வெக்கற ஸ்டென்ட்டுக்கு பெரும்பாலும் பிரச்சினை இல்லைங்க, ஸ்டென்ட் வெச்சப்ப கொடுத்த கார்டை கொண்டுபோய் காட்டுங்க. பேஸ்மேக்கர்னா அது வேற கதை, மாடலைப் பொறுத்தது, கட்டாயம் முன்னாடியே சொல்லிரோணும்.

பொள்ளாச்சியில இருந்து ஒரு வாசகி: எங்க பெரியம்மா, பெரியப்பா தவறுன மூணாம் நாளு நெஞ்சைப் புடிச்சுட்டு சாஞ்சுட்டாங்க. ஆஸ்பத்திரியில ஆஞ்சியோ பண்ணிப் பாத்தா அடைப்பே இல்லைங்கறாங்க. துக்கத்துல நெஞ்சு வெடிக்கும்னு பெரியவங்க சொல்றது நெசமா? பெரியம்மா இப்ப தேறிட்டாங்க.

தேறிட்டாங்கன்னு கடைசியில எழுதுனீங்க பாருங்க, அதுவரைக்கும் எனக்கு பக்குன்னுதான் இருந்துச்சு.

நெசந்தாங்க, அதுக்கு ஒரு பேரே இருக்குது. 1990ல ஜப்பான்ல டாக்டருங்க சில பேஷண்ட்டுகளைப் பத்தி எழுதுனாங்க: மாரடைப்பு மாதிரியே வலி, ஈசிஜி மாத்தம், ரத்தக்குழாய் மட்டும் சுத்தமா இருக்குது. உள்ள சாயம் விட்டு இடது அறையைப் படம் எடுத்தா, நுனிப்பக்கம் பலூன் மாதிரி உப்பி, வாய்ப்பக்கம் மட்டும் குறுகி சுருங்குது. அந்த ஊர்ல ஆக்டோபஸ் புடிக்கறதுக்கு கடல்ல எறக்கற பானை அதே உருவமாம், அதுக்கு டகோட்சுபோன்னு பேரு, சீக்குக்கும் அதையே வெச்சுட்டாங்க. நம்ம ஊர்ல கண்டுபுடிச்சிருந்தா கள்ளு மொந்தைன்னு வெச்சிருப்போமோ என்னமோ. மாதவிடாய் நின்ன பொம்பளைங்களுக்குத்தான் அதிகமா வருது, பெரிய துக்கமோ அதிர்ச்சியோ நடந்த பொறவு. அட்ரினலின் மாதிரி ஹார்மோன்கள் ஒரேயடியா பொங்கறதுதான் முக்கிய காரணமுன்னு நெனைக்கறாங்க. நெறைய பேருக்கு சில வாரத்துல இதயம் பழைய உருவத்துக்கே வந்துரும்.

இங்க எம்ஆர்ஐ நல்லா கை கொடுக்கும். கடோலினியம்னு ஒரு மருந்தை ஊசி போட்டு சித்த நேரம் கழிச்சு படம் எடுத்தா, மாரடைப்புல செத்துப்போன தசை வெள்ளையா பளிச்சுன்னு தெரியும். 2000 வாக்குல அமெரிக்காவுல கிம், ஜட்னு ரெண்டு பேரும் அவங்க குழுவும் இதை ஊரறிய பண்ணுனாங்க. டகோட்சுபோவுல அந்த வெள்ளைத் தழும்பு பொதுவா இருக்காது. மயங்கிக் கெடக்குது, சாகல. பெரியம்மாவுக்கு அடுத்த எக்கோ எப்பன்னு டாக்டர் சொல்லியிருப்பாரு, அதை மட்டும் தவற விடாதீங்க. வேற யாருக்காச்சும் இப்புடி வலி வந்தா துக்கம்னு வூட்லயே வெச்சுப் பாக்கவும் கூடாது, வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்.

கோபிச்செட்டிபாளையத்துல இருந்து அரசு பள்ளியில பிளஸ் டூ படிக்கற பொண்ணு: நான் ஹார்ட் டாக்டர் ஆகோணும், ஆராய்ச்சியும் பண்ணோணும். எங்க அப்பா நெசவுத் தறி ஓட்டறாரு. எத்தனை வருசம் ஆகும்? பொம்பளைப் புள்ளைக்கு இது சரிப்பட்டு வருமான்னு அப்பத்தா கேக்கறாங்க.

கண்ணு, மொதல்ல வருசக் கணக்கை சொல்லிடறேன், ஏன்னா அதுதான் பயமுறுத்தும். எம்பிபிஎஸ் நாலரை வருசம், ஹவுஸ் சர்ஜன் ஒரு வருசம், பொது மருத்துவத்துல எம்டி மூணு, கார்டியாலஜியில டிஎம் மூணு. பதினொண்ணரை. நடுவுல மூணு நுழைவுத் தேர்வு, தப்புனா ஒரு வருசம் ரெண்டு வருசம் கூட சேரும். உன்ற கூட்டாளிக எல்லாம் வேலைக்குப் போயி கல்யாணம் காட்சி முடிஞ்சு புள்ளையை பள்ளிக்கூடத்துல சேர்க்கற நேரத்துல நீ நைட் டூட்டியில இருப்பே. அரசு பள்ளிப் புள்ளைகளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020ல இருந்து இருக்குது, வாத்தியாருங்களை கேட்டு அதை விட்டுராதே.

அப்பத்தாகிட்ட நான் சொன்னதா ஒரு கதை சொல்லு. பர்மாவுல 1917ல பொறந்த பத்மாவதின்னு ஒரு அம்மா, ரங்கூன்ல டாக்டருக்கு படிச்சவங்க. 1942ல ஜப்பான் பட்டாளம் பர்மாவுக்குள்ள வந்தப்ப, ஆம்பளைங்களை அங்க விட்டுட்டு அம்மாவோடயும் அக்கா தங்கச்சியோடயும் தப்பிச்சு எங்க வந்தாங்க தெரியுமா? நம்ம கோயமுத்தூருக்கு. போர் முடியற வரைக்கும் குடும்பம் ஒண்ணு சேரல. அப்பறம் லண்டன் போயி படிச்சு, அமெரிக்காவுல ஹெலன் டவுசிக்ங்கற கொழந்தைங்க இதய டாக்டரம்மாகிட்ட வேலை கத்துக்கிட்டாங்க. டவுசிக்குக்கு காது சரியா கேக்காது. ஸ்டெதஸ்கோப்புல கேக்க முடியாததால விரலை நெஞ்சு மேல வெச்சு கொழந்தைகளோட இதயத்தை தெரிஞ்சுக்குவாங்க, எக்ஸ்ரே திரையில துடிக்கற நெழலைப் பாத்து உள்ள என்ன கோளாறுன்னு சொல்லுவாங்க. அப்பேர்ப்பட்ட அம்மாகிட்ட படிச்சுட்டு ஹார்வர்டுக்கும் போயிட்டு, 1950கள்ல திரும்பி வந்து டில்லியில லேடி ஹார்டிங் காலேஜ்ல இதயப் பிரிவை ஆரம்பிச்சாங்க பத்மாவதி அம்மா. இந்தியாவோட மொத பெண் இதய டாக்டர். 1962ல அகில இந்திய இதய அறக்கட்டளை, 1992ல பத்ம விபூஷண். 2020 ஆகஸ்ட்ல கொரோனாவுல தவறுனப்ப வயசு 103.

அவங்க ஆராய்ச்சியில ஒண்ணை மட்டும் சொல்றேன், ஏன்னா அது உன்ற அப்பத்தாவுக்கு சட்டுன்னு வெளங்கும். டில்லியில நுரையீரல் கெட்டு அதால இதயத்தோட வலது பக்கம் வீங்கிப்போன பேஷண்ட்டுகளைப் பாத்தாங்க. பீடி குடிக்கற ஆம்பளைக்கு வர வேண்டிய சீக்கு, பீடியே தொடாத பொம்பளைங்களுக்கும் அதே அளவு இருந்துச்சு. ஏன்னு கேட்டாங்க. பதில் அடுப்புல இருந்துச்சு, ஜன்னல் இல்லாத சமையக்கட்டு, எருமுட்டி புகை. எக்ஸ்ரேவும் ஈசிஜியும் எல்லா டாக்டர்கிட்டயும் இருந்ததுதான், இந்தப் பொம்பளை காலையில எங்க உக்காந்து சமைக்கறான்னு கேட்டவங்க அவங்க.

ஆராய்ச்சின்னா வெள்ளைக் கோட்டு, மைக்ரோஸ்கோப்புன்னு நெனைச்சிராதே சாமி. நான் பண்ணுனது பூரா நோட்டும் பென்சிலும் கேசட்டும். காலையில ஓபி, மத்தியானம் பசங்களுக்கு கிளாஸ், சாயங்காலம் வார்டு, இதெல்லாம் முடிஞ்சு மிச்சம் இருக்கற நேரத்துலதான் ஆராய்ச்சி, அதுக்கு தனியா சம்பளம் கெடையாது. வெளிய ஒரு ஆஸ்பத்திரியில மூணு பங்கு சம்பளம் தர்றேன்னு கூப்புட்டப்ப எங்கய்யன் காங்கேயத்துல இருந்து பஸ் ஏறி வந்து, "காளை கட்டியிருக்கற எடத்துலயே நின்னுட்டா புல்லு தேடி வருமா?"ன்னு கேட்டாரு. எனக்கு பதில் தெரியல. அவரை கூட்டிட்டுப் போயி எக்கோ ரூம்ல உக்கார வெச்சேன். ஒரு சின்னப் பையனோட வால்வு திரையில தொறந்து மூடறதை ரொம்ப நேரம் பாத்துட்டு, "இது நிக்காம இப்புடியே ஆடுமா?"ன்னாரு. ஆமுங்கய்யான்னேன். அதுக்கு மேல சம்பளத்தைப் பத்தி பேசல, ஊருக்குப் போயி அம்மாகிட்ட பேசியிருக்காரு, அது வேற.

பொம்பளைப் புள்ளைக்கு சரிப்படுமான்னா, சரிப்படும், ஆனா சொகமா இருக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். கார்டியாலஜியில பொம்பளைங்க இன்னமும் கொறைவுதான். ராத்திரி கேஸ், ஆஞ்சியோ ரூம்ல கதிர்வீச்சுக்கு ஈய ஏப்ரன், புள்ளை பெத்துக்கற வயசும் டிஎம் படிக்கற வயசும் ஒண்ணா வந்து நிக்கறது, இதெல்லாம் இருக்குது. எக்கோவுலயும் எம்ஆர்ஐலயும் கதிர்வீச்சே கெடையாது, என்ற மாணவிக ரெண்டு மூணு பேரு அந்தப் பக்கம் வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். இப்ப அவங்க என்னை விட நல்லா பாக்கறாங்க. இப்போதைக்கு நீ பிசிக்ஸ்ல ஒலி பாடத்தை விட்டுராம படி, எல்லாரும் பயாலஜியை மட்டும் புடிச்சு தொங்குவாங்க. மார்க் வந்ததும் எழுது.

கடைசியா பெருந்துறை வாசகர்: ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, உங்க நெஞ்சை எப்பவாச்சும் படம் எடுத்திருக்கீங்களா?

குறும்புக்காரருங்க நீங்க. எடுத்திருக்கேன், போன வருசம். சென்னிமலைக்கு 1320 படி, வருசா வருசம் ஏறுவேன், அந்த வருசம் பாதியில மூணு தடவை உக்காந்துட்டேன். வயசாச்சுன்னு நானே சொல்லிக்கிட்டு நாலு மாசம் ஓட்டுனேன், பேஷண்ட்டு யாராச்சும் அப்புடி பண்ணியிருந்தா கிழிச்சிருப்பேன். கடைசியில என்ற பொஞ்சாதி கையைப் புடிச்சு இழுக்காத கொறையா கூட்டிட்டுப் போனா. எக்கோ எடுத்தது என்கிட்ட படிச்ச புள்ளை. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தேன், ஜெல்லி வெச்சா, நெசமாவே சில்லுங்குதுங்க, இத்தினி வருசம் அவங்க சொன்னது பொய் இல்ல. நான் கழுத்தைத் திருப்பி திருப்பி திரையை எட்டிப் பாக்கவும் அவ மானிட்டரை அந்தப்பக்கம் திருப்பிட்டா. அப்பறம் சீட்டை எடுத்துப் பாத்துட்டு, "எதுக்காக எடுக்கறோம்"ங்கற கட்டத்தைக் காட்டி, "கேள்வி எங்க சார்?"ன்னா. அவசரத்துல நான் காலியா விட்டிருந்தேன். படுத்த வாக்குலயே பேனா வாங்கி எழுதிக் கொடுத்த பொறவுதான் ஆரம்பிச்சா.

நம்பர் என்னன்னு கேக்கறீங்களா? தாராபுரத்து மாமனாரை விட கொஞ்சம் கம்மி.